பன்னிரண்டாம் கதிரை

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு நிலையான தேதி கிடையாது. அது முழுநிலவோடு நகர்கிற நாள். சில ஆண்டுகளில் மார்ச் முடியுமுன் வந்துவிடும். சில ஆண்டுகளில் சித்திரை வருடப் பிறப்புக்கு ஊர் போகிறவர்கள் கோட்டை ரயில் நிலையத்தில் முண்டியடிக்கும் அதே வாரத்தில் வரும். நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கமுள்ள எனக்கு இது நெடுநாள் ஒரு சங்கடமாகவே இருந்தது. இரண்டு பெரிய வியாழன்களை ஒப்பிட வேண்டுமென்றால் நாட்காட்டி உதவாது. கடைசியில் ஒரு வழி கண்டேன். ஒவ்வொரு பெரிய வியாழனையும் அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதை வைத்தே நினைவில் வைத்துக்கொள்கிறேன். ஊரடங்கில் கோவில் பூட்டிக் கிடக்க, பூசையைக் கைத்தொலைபேசியில் பார்த்த பெரிய வியாழன். எரிவாயு வரிசையில் நின்ற களைப்போடு பாதிப் பேர் கோவிலின் நீளமான மர வாங்குகளில் தூங்கிவிழுந்த பெரிய வியாழன். இப்போது எழுதுவது, எல்லாரும் இடது காலை நீட்டிய பெரிய வியாழனைப் பற்றி.

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலோரம் போகும் ரயிலின் சத்தம் கேட்கிற அடுக்குமாடி ஒன்றில். நான் சேர்ந்த பங்குக் கோவில் மட்டும் கொட்டாஞ்சேனையில். திருமணமாகி இங்கே வந்த பிறகு அருகிலிருக்கும் கோவிலுக்குப் போகலாமே என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். போய்ப் பார்த்தேன். நல்ல கோவில்தான், நல்ல பூசைதான். ஆனால் பாட்டு தொடங்கும்போது யார் ஒரு தாளம் முந்திப் பாடுவார், சமாதானம் சொல்லும் நேரத்தில் யார் யாரோடு கைகொடுக்கமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அங்கே தெரியாது. ஆகவே ஞாயிறுதோறும் பஸ் ஏறி, புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி, பழைய பங்குக்கே போகிறேன். கோவில் வாசலில் கால் வைத்ததும் யாராவது ஒருவர், "வெள்ளவத்தை மேடம் வந்திட்டா, இனிப் பூசையைத் தொடங்கலாம்" என்பார்.

எங்கள் கோவிலில் பெரிய வியாழன் மாலைப் பூசை தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஒன்றாக நடக்கும். மற்ற ஞாயிறுகளில் மூன்று மொழிக்காரரும் ஒருவர் வெளியேற ஒருவர் உள்ளே வரும்போது வாசலில் மட்டும்தான் சந்திப்பார்கள். அன்று மட்டும் ஒரே கூரையின் கீழ். நற்செய்தி வாசித்து மறையுரை முடிந்ததும், பீடத்துக்கு முன்னால் மக்களைப் பார்த்தபடி போட்டிருக்கும் பன்னிரண்டு கதிரைகளில் பங்கு மக்கள் பன்னிரண்டு பேர் வந்து அமர்வார்கள். குருவானவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு, முழந்தாளில் நின்று ஒவ்வொருவரின் வலது பாதத்திலும் நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததின் நினைவு அது.

பாதத்தை நீட்டப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே பாதத்தைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சும்மா கழுவுவதில்லை. சவர்க்காரம், தேங்காய்த் தும்பு, குதிகாலுக்குக் கல். பன்னிருவரில் ஒருத்தி அழகு நிலையம் வைத்திருக்கும் இளம்பெண். பெரிய வாரத்தின் புதன்கிழமை மற்றவர்கள் எல்லாரும் அவள் கடைக்குப் போய் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வலது கால் மட்டும். இடது காலைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. அன்றிரவு அந்தப் பன்னிருவரின் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெவ்வேறு ஆட்களின் கால் என்றே சொல்லத் தோன்றும்.

இன்னொரு சிக்கல் பன்னிரண்டாவது கதிரை. கதிரைகளுக்கு யாரும் எண் போடவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் எண்ணிப் பார்ப்பார்கள். முதலாவது சீடர்களின் தலைவர் இராயப்பர், அதற்குப் போட்டி. கடைசி, முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதில் உட்கார ஆள் இல்லை. கோவில் கூரை ஓடுகளை மாற்றிய ஆண்டில் இது பெரிய பிரச்சினையாகிவிட்டதாக என் குறிப்பில் இருக்கிறது. பூசை உடைகள் வைக்கும் அறையில் வரிசையாக நின்றபோது, கடைசியில் நின்றவர் எண்ணிப் பார்த்துவிட்டு நைசாக நடுவில் நுழைந்தார். உடனே கடைசியாகிப் போனவரும் நுழைந்தார். வரிசை செக்கு மாடு மாதிரிச் சுற்றத் தொடங்கிவிட்டது. வெளியே பாட்டுக் குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் துறைமுகத்தில் பளு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், "விடுங்கடா, எனக்கு எந்தக் கதிரையும் ஒண்டுதான். கப்பலுக்கு மேல தொங்கிக்கொண்டு இருந்தவனுக்கு இதென்ன கதிரை" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

அன்றிலிருந்து அந்தக் கதிரை அவருடையது. நாங்கள் அவரை அங்கிள் என்போம். பங்கு முழுவதும் யூதாஸ் அங்கிள் என்றது. பெரிய வாரம் வந்துவிட்டால் சந்தியில் யாராவது மறித்துக் கேட்பார்கள்.

"அங்கிள், முப்பது வெள்ளிக்காசு எங்க?"

"பாண் வாங்கித் திண்டிட்டன். மிச்சமில்ல."

அவர் மனைவிக்கு மட்டும் இது பிடிக்காது. "ஊர் முழுக்க என்ர மனுசன யூதாஸ் எண்டு கூப்பிடுது. அப்ப எனக்கு என்ன பேர்?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டார். நான் படித்த எந்த நூலிலும் யூதாசின் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றேன். "எழுதியிருக்க மாட்டாங்கதான்" என்றார். ஆனாலும் ஒவ்வொரு பெரிய வியாழனும் கணவரின் வெள்ளைச் சேர்ட்டைக் கஞ்சி போட்டு அயன் பண்ணிக் கொடுப்பவர் அவர்தான். அங்கிள் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை.

அந்தப் பெரிய வியாழனுக்கு முந்திய கிறிஸ்மஸ் முடிந்து, திருக்குடும்பத் திருநாளுக்கு அடுத்த வாரம் அங்கிளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெடுநாள் சீனி வருத்தம், நீரிழிவு. வலது காலின் சின்ன விரலில் தொடங்கிய புண் ஆறவில்லை. கடைசியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோவிலுக்கு வந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் மனைவியின் தோள். வலது காலில் மட்டும் கறுப்புக் காலுறை. வழக்கமான வாங்கில் இருக்காமல், கதவோரம் கடைசி வாங்கில், காலை முன் வாங்குக்குக் கீழே ஒளித்துவைத்து இருந்தார். யாராவது நலம் விசாரித்தால், "இப்ப சுகம், நல்ல சுகம்" என்று சொல்லி, பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவார்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு, பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பெரிய வாரத்துக்கான கூட்டம் நடந்தது. பங்குத்தந்தை அந்த ஆண்டுதான் மன்னார்ப் பக்கமிருந்து வந்தவர், இளையவர். பன்னிருவரின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தவர் பதினொன்றில் நிறுத்தினார்.

"இன்னுமொரு ஆள் வேணுமே."

மண்டபத்தில் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். முதலாவது கதிரைக்காரரான ஓய்வு பெற்ற ஆசிரியர் தொண்டையைச் செருமினார். அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அறிவித்தல் பலகையில் ஒரு காற்புள்ளி தவறினாலும் ஏன் என்று கேட்பவர்.

"பாதர், அதுக்கு எங்களிட்ட நிரந்தரமா ஒரு ஆள் இருந்தவர்."

"இருந்தவர் எண்டா? மோசம் போயிட்டாரா?"

"ஐயோ இல்ல பாதர், உயிரோடதான். காலுக்குச் சுகமில்ல."

பாதருக்குக் கதிரையின் கதையைச் சொன்னோம். சிரித்தார். நான் எழுந்து, இருக்கைகளின் வரிசையைப் பற்றி நற்செய்தி ஒன்றுமே சொல்லவில்லை, பாதம் கழுவியபோது யூதாசும் அங்கேதான் இருந்தான், பழைய மறையுரையாளர்கள் பலர் அதைத்தான் வியந்து பேசியிருக்கிறார்கள், ஆகவே அந்தக் கதிரையில் ஒரு குறைவும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. அப்ப மேடமே இருக்கலாமே."

"எனக்கு அண்டைக்கு வாசகம் வாசிக்க இருக்கு மாஸ்டர்" என்றேன்.

மண்டபம் சிரித்து அடங்க நேரமெடுத்தது. அங்கிளிடம் கேட்டு வரும் பொறுப்பை என் தலையிலேயே கட்டினார்கள்.

அவர் வீடு கோவிலுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில். முன்னறையில் தொலைக்காட்சி, அதற்கு மேலே திரு இருதயப் படம், அதற்குக் கீழே சிவப்பு பல்ப். அங்கிள் சாய்வுக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் வலது காலைக் கட்டியிருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"வா புள்ள. இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்து திரியிறா, பிளேன்டீ ஒண்டு போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"பாதர் கேட்டு விட்டவர் அங்கிள். பெரிய வியாழனுக்கு."

"கேட்பார். அவர் புதுசுதானே. எனக்கு ஏலாது எண்டு சொல்லு."

"நடக்க ஏலாதா?"

"நடப்பன். நடக்கிறது என்ன." சாரத்தின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். "கழுவிப்போட்டு முத்தம் குடுப்பாங்கதானே புள்ள. இதுக்கா முத்தம் குடுக்கிறது? நானே இதைப் பார்க்க மாட்டன். இவ மருந்து கட்டுற நேரம் நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருப்பன்."

"ஓன் பண்ணாத ரீவிய" என்றது அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்.

 சீனி போடாத பிளேன்டீயைக் குடித்தோம். அந்த ஆண்டு பாட்டுக் குழுவில் யார் சேர்ந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று கதைத்தோம். எழுந்து வரும்போது அவர் மனைவி வாசற் படலை வரைக்கும் வந்தார்.

"தெஹிவளையில இருந்து மகள் வந்தாலும் காலைக் காட்ட மாட்டார். பேரப்பிள்ளைகள் பக்கத்தில வந்தா ஏசுறார். எனக்கு ஒண்டுதான் பயம், மகள்." அவர் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "சந்தியில போய்க் கதைக்கிறதை விட்டார். கார்ட்ஸ் விளையாடுறதை விட்டார். ஒவ்வொண்டா விட்டுக்கொண்டு வாறார். இந்த வியாழனும் போகாட்டி இனி எங்கயும் போகமாட்டார். வீட்டுக்குள்ளதான். எனக்குத் தெரியும் இந்த மனுசன."

யூதாஸ் என்ற பெயருக்காக இத்தனை ஆண்டு முறைப்பட்டவர் அவர். அந்தக் கதிரையில் கணவர் மீண்டும் போய் உட்கார வேண்டுமென்று அவரே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் வழிபாட்டு ஒழுங்குகளை எடுத்து வாசித்தேன். பாதம் என்றுதான் இருந்தது. எந்தப் பாதம் என்று இல்லை. வலது கால் என்பது எங்கள் ஆட்கள், நல்லது எதையும் வலப்பக்கத்தால் தொடங்குகிற பழக்கத்தில், சேர்த்துக்கொண்டது. பாதரை அழைத்துக் கேட்டேன்.

"கால் எண்டா கால்தானே அக்கா. ஆண்டவர் லெப்ட் ரைட் பார்த்தவரா?" என்றார்.

மறுநாள் அங்கிளுக்கு அழைத்து, இடது காலை நீட்டலாம், பாதர் சம்மதம் என்றேன். 

"பதினொரு பேர் வலது. நான் ஒருத்தன் இடது. லெப்ட் ரைட் தெரியாதவன் மாதிரி. எல்லாரும் ஏனெண்டு பார்ப்பாங்க. பார்த்தா விளங்கும்." பிறகு, "யோசிக்கிறன் புள்ள" என்று வைத்துவிட்டார்.

ஆகவே மற்றப் பதினொரு பேரின் கால்களையும் மாற்றிவிட வேண்டியதாயிற்று.

குருத்து ஞாயிறு மாலை ஒத்திகை. அங்கிள் அதற்கு வரவில்லை; அவருக்கு ஒத்திகை தேவையுமில்லை. நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு காரணத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன். கீழைச் சபைகளின் பழைய வழக்கம், இதயத்துக்குக் கிட்டிய பக்கம் என்றெல்லாம் நீளமாக. அதில் பாதி எனக்கே நம்பிக்கையில்லாதது. மாஸ்டர் குறுக்கு விசாரணை செய்வார் என்று தெரியும். பெண்களைப் பன்னிருவரில் சேர்க்கலாம் என்று உரோமையிலிருந்து அனுமதி வந்தபோது, அந்த ஆவணத்தின் மூலமொழி வாசகத்தைக் காட்டச் சொன்ன மனிதர் அவர்.

"இந்த முறை எல்லாரும் இடது கால்" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி" என்றார்.

அழகு நிலையப் பெண், "அப்ப புதன்கிழமை எல்லாரும் லெப்ட்டைக் கொண்டு வாங்க. ரைட்டைக் கொண்டு வந்தா டபிள் சார்ஜ்" என்றாள். பன்னிருவரில் முச்சக்கரவண்டி ஓட்டும் சிங்களத் தம்பி ஒருவர் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், இருந்தாலும் தவறக்கூடாது என்று சிங்களத்திலேயே சொன்னேன்: "மே பார வம் ககுல, மல்லி." இந்த முறை இடது கால், தம்பி.

"ஹரி அக்கே" என்றார், சரி அக்கா என்று. அவ்வளவுதான்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தயார்செய்த காரணத்தை அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன். பஸ்ஸில் கோட்டையைத் தாண்டும்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுக்குத் தெரியும். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் யார் பாமசியில் என்ன மருந்து, என்ன கட்டுத்துணி வாங்குகிறார் என்பது இரகசியமல்ல. கதவோரக் கடைசி வாங்கில், முன் வாங்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த அந்தக் காலை விபூதிப் புதனிலிருந்தே எல்லாரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பெரிய வியாழன் மதியம் அங்கிளின் மனைவி அழைத்தார். "சேர்ட்டை அயன் பண்ணச் சொல்லிப்போட்டார்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மாலையில், குண்டுவெடிப்புகளின் பின் வழக்கமாகிவிட்டபடி வாசலில் பைகளைச் சோதிக்கும் பொலிஸ்காரர்களைத் தாண்டி, கோவில் நிரம்பி, வெளியே முற்றத்திலும் ஆட்கள் நின்றார்கள். மூன்று மொழியிலும் வாசகங்கள் முடிந்தன. என் பங்கை வாசித்துவிட்டு நான் வாசக மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் இருந்தேன். அங்கிருந்து பன்னிரண்டு கதிரைகளும் ஒரே கோட்டில் தெரியும். வரிசையாக வந்தார்கள். கடைசியில் அங்கிள், தடியை ஊன்றி. கஞ்சி போட்ட சேர்ட். இடது பாதம் வெறுமையாக, வலது பாதத்தில் கறுப்புக் காலுறை. பன்னிரண்டாவது கதிரையில் அமர்ந்ததும் வலது காலைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு, இடது காலை முன்னால் வைத்துக்கொண்டார். நெற்றியில் வியர்த்திருந்தது.

பாதர் துவாயைக் கட்டிக்கொண்டு மாஸ்டருக்கு முன் முழந்தாளில் நின்றார். மாஸ்டர் இடது காலை நீட்டினார். எனக்குப் பின்னாலிருந்த வாங்கில் ஒரு குசுகுசுப்பு.

"என்ன இந்த முறை இடது?"

"ரோமில மாத்தியிருப்பாங்க."

இரண்டாவது ஆளும் இடது. அங்கிள் கவனிக்கவில்லை, எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளும் இடது காலை நீட்டியபோது அவர் பார்வை திரும்பியது. நாலாவது. கதிரையின் நுனிக்கு வந்து, முன்னால் சாய்ந்து, வரிசை நெடுகப் பார்த்தார். பதினொரு இடது பாதங்கள், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று, செருப்பிலிருந்து வெளியே எடுத்துத் தயாராக வைக்கப்பட்டிருந்தன. எத்தனை ஆண்டுகளாக அந்த வரிசையில் இருந்தவர். எந்தக் காலைக் கழுவுவது என்பது அவருக்குத் தெரியாதா?

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன்.

மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அவர் குனிந்திருந்தார். தடியைக் கதிரையில் சாய்த்துவிட்டு, வலது காலை முன்னால் இழுத்து, காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது இலகுவாக வரவில்லை. பக்கத்துக் கதிரையிலிருந்த அழகு நிலையப் பெண் உதவிக்குக் குனிந்தாள். "நீ சும்மா இரு" என்று முழங்கையால் தள்ளிவிட்டார். பாதர் அவளது பாதத்தைத் துடைத்து முத்தமிட்டு, முழந்தாளிலேயே நகர்ந்து அவருக்கு முன்னால் வந்தார். இன்னும் காலுறை கழன்றபாடில்லை. பாதர் காத்திருந்தார். பாட்டுக் குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கியது.

காலுறை கழன்றது. அங்கிள் அதை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். மூன்று மாதமாகப் பார்க்காததை. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும். அதற்கப்பால் தையல் போட்ட இடம் வெளிறி, சற்றுச் சுருங்கி. அவர் மனைவியைத் தேடினேன். அவர் மூன்றாவது வாங்கில் இருந்தார். கணவரைப் பார்க்கவில்லை; மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதர் மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாரோ அவ்வளவு நேரம்தான் எடுத்தார். நீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்காக அவரை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அன்றைய நற்செய்தியில், என் பாதத்தை நீர் ஒருநாளும் கழுவ விடமாட்டேன் என்று மறுப்பவர் இராயப்பர். இத்தனை ஆண்டு கேட்டும் அது பணிவு என்றுதான் நினைத்திருந்தேன். அது வெட்கமாகவும் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் பட்டது. மீன்பிடிக்கிறவரின் கால் எப்படி இருந்திருக்கும்?

பூசை முடிந்து நற்கருணைப் பவனியும் முடிந்தபின் முற்றத்தில் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"யார் புள்ள அவங்களுக்குச் சொன்னது?"

"நான் இடது கால் எண்டு மட்டும்தான் சொன்னனான் அங்கிள். வேற ஒண்டும் சொல்லல்ல."

"ஏனெண்டு கேட்டிருப்பாங்களே."

"ஒருத்தரும் கேட்கல்ல."

"மாஸ்டரும்?"

"மாஸ்டரும்."

அவர் தலையைத் திருப்பி மாஸ்டரைத் தேடினார். தூரத்தில் மாஸ்டர் யாரோடோ மெழுகுதிரி நிறுத்திய இடம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

"அப்ப எல்லாருக்கும் முதலே தெரியும்."

"தெரிஞ்சிருக்கும்போல."

"சனியன், இந்த வெக்கையில நான் சொக்ஸைப் போட்டுக்கொண்டு அவிஞ்சு செத்தது வீண்" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். அவர் மனைவி முந்தானையை நீட்ட, "எனக்கென்ன, தடிமன்" என்று தட்டிவிட்டார். காலுறை சேர்ட் பையிலிருந்து பாதி வெளியே தொங்கியது.

மறுநாள், ஆண்டவர் சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளி. பிற்பகல் வழிபாட்டில் திருச்சிலுவையை முத்தமிட ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அன்று யாரும் செருப்போடு போவதில்லை. மணியும் இசையும் இல்லாத நாள். காலடிச் சத்தம் மட்டும்தான். நான் பெண்கள் வரிசையில் நின்றபோது ஆண்கள் வரிசையின் நடுவில் ஒரு தேக்கம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அங்கிள். தடி இல்லை, வாங்குகளின் முனையை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதமும் வெறுமையாக, நிதானமாக நடந்துகொண்டிருந்தார். முன்னால் போனவர்களுக்கும் அவருக்கும் இடையே நீண்ட இடைவெளி. பின்னால் அத்தனை ஆண்களும் காத்து நின்றார்கள். அவருக்கு நேர் பின்னால் முச்சக்கரவண்டித் தம்பி.

தம்பி குனிந்து அவர் காதுக்குள் சொன்னார். குசுகுசுப்பு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அந்த அமைதியில் பாதிக் கோவிலுக்குக் கேட்டது.

"அங்கிள், இந்த ஸ்பீட்ல போனா நாங்க போய்ச் சேர முதல் ஆண்டவர் உயிர்த்திடுவார்."

அங்கிள் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் வாங்கைப் பிடித்தபடி, வலது காலைச் சற்றுத் தூக்கிக் காட்டினார்.

"மல்லி, எனக்கு ஏழு விரல்தான் இருக்கு. நீ பத்து வச்சிருக்கிறவன், பொறு."

ஆண்கள் வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் தோள்கள் குலுங்கின. மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெண்கள் வரிசையிலிருந்து, பெரிய வெள்ளியும் அதுவுமாக, "உஷ்! வாயை வச்சுக்கொண்டு போங்க!" என்று ஒரு அதட்டல் வந்தது. அது அவர் மனைவியின் குரல். அங்கிள் சரி சரி என்று கையை ஆட்டிவிட்டு, அடுத்த வாங்கின் முனையைப் பிடித்தார்.